காபி டிரம்மில் வந்த உயிர்கள்

மாடு புல்லைத் தின்று உயிர் வாழ்வதில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது, படித்தவர்களுக்கும் சில நேரம் மரை கழன்றுவிடும் போல என்று நினைத்தேன். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அதையே இரண்டு வருஷம் படித்ததால், வெளியில் கேட்டால் நாலாவது என்று சொல்லிக்கொள்வேன். ஆனாலும் மாடு புல் தின்னும் என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். அதில் நான் தேறியவன்.

அன்றைக்குத் திறந்த என் வாய் மூடுவதற்கு ரொம்ப நாளானது.

என் தொழில் சோறு வடிப்பது. கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவில் எந்த ஊரில் கல்யாணம் என்றாலும் எங்கள் சமையல் கோஷ்டி போகும். சாம்பார், கூட்டு, பாயாசம் எல்லாம் மாஸ்டர் பொறுப்பு. அண்டாவில் உலை வைத்து, அரிசியைக் கொட்டி, பதம் பார்த்துக் கஞ்சியை வடிப்பது என் பொறுப்பு. இந்த வேலைக்கு மூளை வேண்டாம், தோள் இருந்தால் போதும் என்பார் மாஸ்டர். என்னைச் சேர்த்துக்கொண்ட காரணமும் அதுதான்.

எங்கள் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பந்தி முடிந்து மிஞ்சுகிற சோறு, வடித்தவனுக்கு. அதனால் உலை கொதிக்கும் நேரம் நான் மண்டப வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். கூட்டம் கூடும்போலத் தெரிகிறது என்று கவலையாக முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு படி அரிசியைக் கூடுதலாகத் தட்டிவிடுவேன். வாசலில் இருந்தது இரண்டு நாதஸ்வரக்காரர்களாக இருந்தாலும் எனக்குக் கூட்டம்தான். மாஸ்டருக்கு இது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

முகூர்த்த மாதங்களில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் கல்யாணச் சோறுதான். பட்டை தீட்டின வெள்ளை அரிசி, மல்லிகைப் பூவை உதிர்த்த மாதிரி இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பை எரிய வைத்தது என் வீட்டுக்காரியின் செவலை மாடு. கன்றுக்குட்டியாக இருக்கும்போதே கடமலைக்குண்டில் இருக்கிற தன் அம்மா வீட்டிலிருந்து ஓட்டி வந்தாள். பாலைச் சொசைட்டியில் ஊற்றிக் குடும்பத்தை நடத்தினாள். எங்கள் வீட்டில் மரியாதை வரிசை இப்படி: முதலில் மாடு, அடுத்து என் மகள், அப்புறம் அவள். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு நான்.

செல்போன் ஊருக்கு ஒன்றிரண்டு பேர் கையில் மட்டும் இருந்த காலம் அது. அவள் தங்கச்சிக்குப் பிரசவம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் கடமலைக்குண்டுக்குப் போனாள். போகிறவள், மாட்டுக்கு என்ன வைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள். காலையில் சோளத்தட்டை. மத்தியானம் கடலைக்கொடி. சாயங்காலம் தவிடும் உளுந்துத் தோலும் கலந்த தண்ணீர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாக ஒரு தடவை சொன்னாள்.

"இதுக்கு மேல ஒன்னும் குடுத்துறாதய்யா. ஒன் புத்திசாலித்தனத்தை எல்லாம் மாட்டுக்கிட்ட காட்டாத."

எட்டு நாள் நான் காட்டவில்லை. ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, ஒரு பெரிய கல்யாணம். குமுளி மலைப் பாதையில் லாரி ஒன்று குறுக்கே மடங்கி நின்றுவிட்டதால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் சாப்பாட்டுக்கு வந்து சேரவே இல்லை. நான் வழக்கம்போல இரண்டு படி கூடப் போட்டிருந்தேன். இரண்டும் சேர்ந்து, ஒரு ஊருக்கே போதுமான சோறு மிஞ்சியது. இரண்டு அன்னக்கூடைச் சோறும் ஒரு வாளிப் பாயாசமும் எனக்கென்று ஆட்டோவில் வந்து இறங்கின. அக்கம்பக்கத்தில் யாருக்கும் வேண்டாம். அவர்களும் அதே கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தார்கள்.

நான் ஒரு பிடி பிடித்துவிட்டு, கை கழுவப் போனபோது செவலை என்னைப் பார்த்தது. வாயில் காய்ந்த சோளத்தட்டை. எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பிறந்ததிலிருந்து இந்த ஜீவன் தட்டையும் தவிடும் தவிர என்னத்தைக் கண்டது? நாம் மட்டும் பாயாசம் குடித்துவிட்டுப் படுப்பது நியாயமா?

தலைவாழை இலை ஒன்றை அறுத்து வந்து மாட்டின் முன்னால் போட்டேன். தண்ணீர் தெளித்தேன். ஒரு கூடைச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்துப் பாயாசத்தை ஊற்றினேன். மாடு என்னை ஒருமுறை, சோற்றை ஒருமுறை பார்த்தது. பிறகு இலையையும் சேர்த்துத் தின்றது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இரண்டாவது கூடையையும் கொட்டினேன். எத்தனையோ கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். இவ்வளவு ரசித்துச் சாப்பிட்ட விருந்தாளியைப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில் அந்த விருந்தாளி எழுந்து நிற்கவில்லை. கண் உள்ளே போயிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. அசைபோடவே இல்லை. பின்னால் சாம்பல் நிறத்தில் தண்ணீராகக் கழிந்திருந்தது, புளித்த மாவு நாற்றம். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, மாட்டுக்குக் கண் பட்டுவிட்டது, சுற்றிப் போடு என்றாள். மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட்டேன். எனக்குத்தான் இருமல் வந்தது. மாட்டுக்கு அதுகூட வரவில்லை.

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என் தங்கச்சி வயசுதான் இருக்கும். வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டே வந்தார். மாட்டின் இடது வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். உள்ளே தண்ணீர்ப் பானையை ஆட்டின மாதிரி சளக் சளக் என்று சத்தம் வந்தது. என்ன தின்றது என்று கேட்டார். நான் யோசிக்காமல் சோளத்தட்டை என்றேன். வேறே? கடலைக்கொடி. வேறே? தவிட்டுத் தண்ணி. வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்த பாடத்தை அன்றைக்குத்தான் தப்பில்லாமல் ஒப்பித்தேன்.

அந்த அம்மா கையுறையைப் போட்டுக்கொண்டு, கழிந்து கிடந்ததைக் கிளறினார். எதையோ இரண்டு விரலால் எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். முழு முந்திரிப் பருப்பு.

"உங்க ஊருச் சோளத்தட்டையில முந்திரி காய்க்குதாங்க?"

இரண்டு கூடை, ஒரு வாளி என்று உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகம் மாறிப்போய், இது பிழைப்பது கஷ்டம் என்று மட்டும் சொன்னார்.

நீளமான ஊசியை இடது வயிற்றில் குத்திக் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். ஒரு துண்டுக் காகிதத்தை அதில் நனைத்துப் பார்த்தார். பிறகு ஆப்பசோடாவைக் கரைத்துக் குழாய் வழியாக உள்ளே விட்டு, ரத்தத்தில் மருந்து ஏற்றினார். மிச்ச மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உறிஞ்சின தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, பூதக்கண்ணாடி மிஷினில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். நான் எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு கண்ணைத் திறக்கச் சொன்னார். அப்போதும் மங்கலாக ஏதோ குப்பை மாதிரித்தான் கிடந்தது. எதுவும் அசையவில்லை.

எல்லாம் செத்துப்போச்சு என்றார்.

எது செத்தது என்று கேட்டபோதுதான் அந்தப் புல் விஷயத்தைச் சொன்னார். மாட்டின் பெரிய வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். புல்லையும் தட்டையையும் தின்பது அவைதானாம். தின்றுவிட்டு ஒரு புளிப்பை விடுமாம், காடி மாதிரி. அந்தப் புளிப்பு ரத்தத்தில் ஏறித்தான் மாடு நடக்கிறது, பால் கறக்கிறது. நான் அள்ளிக் கொட்டிய வெள்ளைச் சோற்றில் வேறு ஒரு கூட்டம் பெருகி, தாங்கமுடியாத கடும்புளிப்பைக் கக்கி, நல்ல கூட்டத்தை எல்லாம் கொன்றுவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மாட்டுக்குத்தான் கெடுதல் செய்தேன் என்று நினைத்திருந்தேன். கோடிக்கணக்கில் என்கிறார். அதுவும் பாயாசம் ஊற்றி.

செத்ததற்குப் பதிலாக வேறு கூட்டத்தைக் குடியேற்ற ஒரு வழி இருக்கிறது என்று அவர் சொன்னார். நல்ல ஆரோக்கியமான ஆட்டின் இரைப்பையில் இருக்கிற தழைத் தண்ணீர் வேண்டும். ஆறக்கூடாது, காற்றுப் படக்கூடாது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையில் கிடைக்கும், கொண்டு வந்தால் லீவு நாளானாலும் வருகிறேன் என்றார்.

ஆட்டு வயிற்றில் இருப்பதை ஊற்றினால் மாடு கத்துகிற சத்தம் மாறிவிடுமா என்று கேட்டேன். சத்தியமாகச் சந்தேகத்தில்தான் கேட்டேன். அவர் குனிந்து மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரி ஊர் டெலிபோன் பூத்துக்குப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவாளாம். மாடு எப்படி இருக்கு என்று கேட்டாள். படுத்திருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கம்பத்துக்குப் போனேன். ஆறாமல் கொண்டுவர என்ன செய்வது என்று யோசித்து, எங்கள் கோஷ்டியின் காபி டிரம்மை எடுத்துக்கொண்டேன். மண்டபங்களில் குழாயைத் திருகிக் காபி பிடிப்பார்களே, அந்த டிரம். மாஸ்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பார்.

கம்பத்தில் கறிக்கடை வைத்திருந்த பாய் எனக்கு நல்ல பழக்கம். எங்கள் பக்கம் அவர்களும் நாங்களும் மாமன், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கடை முன்னால் கூட்டம் நின்றது. ஆளாளுக்கு ஈரல், தலை, குடல் என்று கேட்டார்கள். என் முறை வந்ததும், குடலுக்குள் இருக்கிறது வேண்டும் என்றேன். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"குடலு வேணாமா?"

"வேணாம் மாமா. உள்ள இருக்கிற தழை மட்டும் போதும்."

"ஏன் மாப்ள, இத்தன வருசம் ஊருக்கெல்லாம் கல்யாணச் சோறு ஆக்கிப் போட்டீக. இப்ப நீங்க இங்கன வந்து நிக்கிறீக."

கூட்டம் சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. மாடு செத்துக்கொண்டு இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான். பாய் வியாபாரத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தார். அப்போதுதான் அறுத்த நாலு ஆட்டின் இரைப்பையைத் தன் கையாலேயே கிழித்து, சுத்தமான துணியில் தழையைக் கொட்டிப் பிழிந்து கொடுத்தார். பச்சையாக, கதகதவென்று இறங்கியது. டிரம் முக்கால்வாசி நிரம்பியது. கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து என்னை ஏற்றிவிட்டுத்தான் கடைக்குத் திரும்பினார்.

பஸ்ஸில் டிரம்மை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. தலைவலிக்கிறது, ஒரு வாய் காபி ஊற்று என்றார். இது ஏற்கெனவே வேறொருத்தர் குடித்தது என்று சொன்னேன். அவர் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார். அந்த டிரம்மை அப்புறம் சோடா போட்டு எத்தனை தடவை கழுவினேன் என்று எனக்கே கணக்கில்லை. மாஸ்டர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு சொட்டு எடுத்து அதே மிஷினில் வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். பார்த்தவன் பின்னால் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டேன்.

அதற்குள் ஒரு ஊரே ஓடிக்கொண்டிருந்தது. முட்டை மாதிரி சில, செருப்பு மாதிரி சில, உடம்பெல்லாம் மயிர் வைத்துக்கொண்டு சில. திருவிழா அன்று வீரபாண்டியில் கூட்டம் முண்டுமே, அப்படி முண்டிக்கொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, எதற்கோ அவசரமாக. இது பெரிய ஆட்கள் மட்டும்தானாம். இதைவிடச் சின்னது இந்த மிஷினுக்கே சரியாகத் தெரியாதாம். இவ்வளவு பேரை மடியில் வைத்துக்கொண்டு ஒரே டிக்கெட்டில் வந்திருக்கிறேன்.

பயத்தோடு கேட்டேன்.

"எனக்குள்ளயும் இருக்காம்மா?"

"இருக்கும். நீங்க விட்டு வச்சிருந்தா."

மருந்தைக் கலந்துகொண்டே சொன்னார். மாட்டுக்கு முன் வயிற்றில் நடப்பது நமக்குப் பெருங்குடலில் நடக்கிறதாம். அங்கே இருப்பது வேறு கூட்டம், ஆனால் காய்ச்சுவது அதே மாதிரிப் புளிப்பு. குடலின் உள் சுவர் அந்தப் புளிப்பைத் தின்றுதான் திடமாக இருக்கிறது. பசி, சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றிலும் அதற்குக் கொஞ்சம் கை இருக்கும்போல என்று படித்தவர்கள் ஆராய்ந்துகொண்டு இருக்கிறார்களாம். அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு நார். தோல், தவிடு, பயறு, கீரை. வெள்ளைச் சோறு மேலேயே கரைந்து ரத்தத்துக்குப் போய்விடும். கீழே ஒன்றும் போய்ச் சேராது.

எனக்குப் பந்திக் கணக்கில்தான் எதுவும் புரியும். கடைசிப் பந்தியில் கோடிப் பேர் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வருஷக்கணக்காக நான் ஒரு கரண்டிகூட அனுப்பவில்லை. சோறு வடிக்கிறவன் செய்கிற காரியமா இது? நெல்லில் இருந்த தவிட்டையும் உளுந்தில் இருந்த தோலையும் மாட்டுக்கு வைத்துவிட்டு, மிஞ்சினதைத்தான் நான் விருந்து என்று தின்றிருக்கிறேன்.

நான் அங்கே இருந்த நேரத்தில் பானைத் தண்ணீரை மூன்று செம்பு குடித்துவிட்டு, இரண்டு தடவை ஒன்றுக்குப் போய் வந்திருந்தேன். அதை அவர் கவனித்திருக்கிறார். நான் மாட்டு டாக்டர், உங்களுக்கு வைத்தியம் பார்க்கக்கூடாது, ஆனால் பெரியாஸ்பத்திரியில் போய் ஒரு தடவை சர்க்கரை பார்த்துவிடுங்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். மாடு கிடக்கிற கிடையில் என் சர்க்கரையை எவன் நினைப்பான்?

வீட்டுக்கு வந்து மாட்டின் மூக்கை நான் பிடித்துக்கொள்ள, அவர் குழாயை உள்ளே விட்டு டிரம்மில் இருந்ததை ஊற்றினார். இனி நம் கையில் இல்லை என்றார். அசைபோட்டால் பிழைத்தது. இடது வயிற்றில் காதை வைத்துக் கேளுங்கள், தூரத்தில் இடி உருள்கிற மாதிரி சத்தம் வந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

மத்தியானம் முழுக்கக் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். ஒன்றும் உருளவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரி வந்தாள். பையைக்கூட இறக்காமல் தொழுவத்துக்குத்தான் வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இலை போட்டதிலிருந்து முந்திரிப் பருப்பு வரைக்கும், டாக்டரம்மா என்னைச் சர்க்கரை பார்க்கச் சொன்னது வரைக்கும். நடுவில் ஒரு வேடிக்கையும் பேசவில்லை. பேசினால் அடிப்பாள் என்பதால் இல்லை. அவள் அடிக்கிற மாதிரித் தெரியவில்லை, அதனால். மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னைத் திட்டாமல் இருந்த முதல் நாள் அது. அப்படி ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் என் மகள்தான் வந்து எழுப்பினாள். நான் போனபோது வீட்டுக்காரி மாட்டின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். என்னைப் பேசாதே என்று கையைக் காட்டினாள். மாடு கழுத்தை நீட்டியது. ஒரு ஏப்பம். தொண்டையில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறுவது தெரிந்தது. தாடை ஒரு பக்கம் போனது, நின்றது. அப்புறம் மறுபக்கம் போனது.

அசைபோட்டது.

அவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். ஆட்டுக் கூட்டம் மாட்டுக்குள் குடியேறிவிட்டது. நாலு ஆட்டை அறுத்த பாய்க்கு நன்றி சொல்வதா, ஆடுகளுக்குச் சொல்வதா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் என் பக்கம் திரும்பினாள். ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததை ஆரம்பிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் குரல் இறங்கித்தான் இருந்தது.

"மாட்டுக்கு ஆட்டு வகுறுலருந்து எடுத்து ஊத்துனாக. ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா, நான் எதுலருந்துய்யா எடுத்து ஊத்துறது?"

சட்டையை மாட்டு என்றாள். அப்படியே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

ரத்தம் எடுத்து, உட்கார வைத்து, கூப்பிட்டுச் சொன்னார்கள். சர்க்கரை இருக்கிறது, இன்று நேற்று வந்தது இல்லை. அந்த நர்சம்மா நான் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தார். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் நான். அன்றைக்கு வாயில் ஒன்றுமே இல்லை. இத்தனை நாளும் மூன்று வேளையும் உட்கார வைத்து, ஆசையாக எனக்கு நானே இலை போட்டிருக்கிறேன்.

மாத்திரை கொடுத்தார்கள். அதை இன்றைக்கும் தின்கிறேன். கொள்ளும் கம்பும் தின்றால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாட்டுக்கு ஆட்டுத் தண்ணீரோடு மருந்தும்தான் ஏற்றினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு தட்டில் கம்மஞ்சோறும், தோலோடு அவித்த கொள்ளும், ஒரு குவியல் கீரையும் வைத்தாள். தொழுவத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்தான் உட்கார வைத்தாள். நான் அந்தக் கொள்ளைப் பார்த்தேன். பெரிய ஆசை ஒன்றும் வரவில்லை. அவள் என் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நான் எழுந்து ஓடிவிடாமல் பக்கத்திலேயே நின்றாள்.

"மெல்லு" என்றாள்.

மென்றேன்.